கன்டெய்னருக்குள்ள கியூஎமு ஓட்டறீங்களா? டெம்ப் ஃபைல் எங்க போகணும்னு ஒரு ஒப்பீடு

சிஐ (கோடை தானா பில்ட், டெஸ்ட் பண்ற சிஸ்டம்) ஜாப்ல விஎம் (வர்ச்சுவல் மெஷின்) இமேஜ் பில்ட் பண்றவங்க, வெளியிலேர்ந்து வர்ற டிஸ்க் இமேஜை லிப்கெஸ்ட்எஃப்எஸ் (libguestfs, விஎம் டிஸ்க்கை வெளியிலேர்ந்து திறக்கற டூல்) வச்சு திறந்து பாக்கறவங்க, குபர்னெட்டிஸ் பாடுக்குள்ள (கன்டெய்னர்கள் சேர்ந்து ஓடற யூனிட்) கியூஎமு (QEMU, விஎம் ஓட்டற மென்பொருள்) ஓட்டறவங்க, எல்லாரும் என்னைக்காவது ஒரு நாள் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"ல வந்து நிப்பாங்க. உடனே தேடிப் பாத்து டெம்ப்டிர் (TMPDIR, டெம்ப் ஃபைல் எங்க போகணும்னு சொல்ற) வேரியபிளை எங்கயாவது இடம் இருக்கற பக்கம் திருப்பி விட்டுட்டு அடுத்த வேலைய பாக்கப் போயிடுவாங்க, ரெண்டு வாரம் கழிச்சு பாட் ஓஓஎம்ல (மெமரி தீர்ந்து) சாகும், இல்ல ஜாப் ஒண்ணுமே சொல்லாம தொங்கும், அப்ப யாருக்கும் அந்த டெம்ப்டிர் ஞாபகத்துக்கு வராது. அதனால இருக்கற வழிய எல்லாம் வரிசையா வச்சு எது எதுக்கு சரிப்படும்னு எழுதறேன். என் முடிவ முன்னாடியே சொல்லிடறேன்: பெரிய ஃபைல் எல்லாம் டிஸ்க் மேல இருக்கற ஒரு தனி வால்யூமுக்குப் போகணும், சாக்கெட் மாதிரி சின்னது மட்டும் டெம்ப்எஃப்எஸ்ல (ரேம்லயே இருக்கற ஃபைல் சிஸ்டம்) இருக்கலாம், கன்டெய்னரோட சொந்த லேயர்ல எதுவும் வேண்டாம்.

மொதல்ல என்னென்ன ஃபைல் வருதுன்னு பாக்கணும், ஏன்னா "டெம்ப் ஃபைல்"னு ஒரே பேரு இருந்தாலும் உள்ள நாலு வகை இருக்கு. கியூஎமுவ ஸ்னாப்ஷாட் ஆப்ஷனோட ஓட்டினா ஒரிஜினல் டிஸ்க்கை தொடாம, எழுதறத எல்லாம் ஒரு தற்காலிக கியூகவ்2 (qcow2) ஓவர்லேல, அதாவது மாற்றம் மட்டும் சேர்ற தனி டிஸ்க் ஃபைல்ல எழுதும், இது விஎம் எவ்வளவு எழுதுதோ அவ்வளவு வளரும், உள்ள ஒரு டிஸ்ட்ரோ அப்கிரேட் ஓடினா ஜிபி கணக்குல போகும். லிப்கெஸ்ட்எஃப்எஸ் தன்னோட குட்டி விஎம்முக்கான அப்ளையன்ஸை (அது பூட் ஆகற கெர்னலும் டிஸ்க்கும்) கட்டி கேஷ்ல வைக்கும். மூணாவது சாக்கெட், பிஐடி ஃபைல், லாக் மாதிரி கேபி அளவு சமாச்சாரம். நாலாவது விஎம்மோட ரேமே ஒரு ஃபைலா இருக்கறது, வெர்ட்டியோஎஃப்எஸ் (ஹோஸ்ட் டைரக்டரிய விஎம்முக்குள்ள காட்டறது) இல்ல விஹோஸ்ட்-யூசர் நெட்வொர்க் (கியூஎமுவுக்கு வெளிய வேற ப்ராசஸ் நடத்தற நெட்வொர்க்) போட்டா மெமரிய ஷேர் பண்ணியாகணும்ல, அப்ப நிறைய பேர் /டெவ்/எஸ்ஹெச்எம்ல (/dev/shm, இதுவும் டெம்ப்எஃப்எஸ்தான்) ஒரு ஃபைல் மேல ரேமை வைப்பாங்க.

இது எதுவும் ஒரே இடத்துக்கு போறதில்ல. கியூஎமுவோட ஸ்னாப்ஷாட் ஓவர்லே டீஃபால்ட்டா /வார்/டெம்ப்புக்கு போகும், முன்னாடி /டெம்ப்ல இருந்தது, நிறைய டிஸ்ட்ரோல /டெம்ப் டெம்ப்எஃப்எஸ்ஸா மாற ஆரம்பிச்சதும் இவ்வளவு பெரிய ஃபைல் ரேம்ல உக்காரக் கூடாதுன்னு மாத்தினாங்க. டெம்ப்டிர் செட் பண்ணா அத கேக்கும், ஆனா புது வெர்ஷன்கள்ல ஒரு விஷயம் கவனிக்கணும், டெம்ப்டிரை சரியா /டெம்ப்னே குடுத்தீங்கன்னா அத டீஃபால்ட்டா நெனச்சு /வார்/டெம்ப்புக்கு மாத்திக்கும். /டெம்ப்ல பெரிய வால்யூமை மவுன்ட் பண்ணிட்டு ஏன் ஒண்ணுமே அங்க வரலன்னு மண்டைய பிச்சிக்கறவங்க இங்கதான் மாட்டுவாங்க. லிப்கெஸ்ட்எஃப்எஸ்ல ரெண்டு வேரியபிள், ஒண்ணு டெம்ப்டிர், ஒண்ணு கேஷ்டிர், ரெண்டுக்கும் முன்னாடி லிப்கெஸ்ட்எஃப்எஸ்னு பேர் சேரும். மொதலாவது செட் பண்ணலன்னா சாதா டெம்ப்டிர், அதுவும் இல்லன்னா /டெம்ப். ரெண்டாவது செட் பண்ணலன்னா சாதா டெம்ப்டிர், அதுவும் இல்லன்னா /வார்/டெம்ப். அதாவது சாதா டெம்ப்டிரை மட்டும் மாத்தினா சின்னது பெருசு எல்லாம் ஒரே இடத்துல போய் கொட்டும். பிரிக்கணும்னா ரெண்டையும் தனித்தனியா செட் பண்ணணும்.

இப்ப வழிகளுக்கு வருவோம்.

ஒண்ணுமே பண்ணலன்னா எல்லாம் கன்டெய்னரோட ரைட்டபிள் லேயர்ல போகும், டாக்கர்ல பெரும்பாலும் ஓவர்லேஎஃப்எஸ் (இமேஜ் மேல எழுதற லேயரை அடுக்கற ஃபைல் சிஸ்டம், கியூகவ்2 ஓவர்லே வேற). இத ஸ்லோன்னு திட்டறவங்க நிறைய, ஆனா புதுசா உருவாக்கற ஃபைலுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது, அது நேரா மேல் லேயர்லதான் உருவாகுது. அடி விழறது இமேஜோட சேர்ந்து வந்த பெரிய ஃபைலை எழுதறதுக்காக திறக்கும்போதுதான். பேஸ் டிஸ்க் 10 ஜிபி கன்டெய்னர் இமேஜுக்குள்ளயே இருக்குன்னு வைங்க, அத ரைட் மோட்ல திறந்த அந்த நிமிஷமே மொத்த 10 ஜிபியும் மேல் லேயருக்கு காப்பி ஆகும், நீங்க ஒரு பைட் எழுதினாலும் சரி எழுதாட்டியும் சரி. ஸ்னாப்ஷாட் ஆப்ஷன் போட்டா பேஸ் ரீட்-ஒன்லியாத்தான் திறக்கும், அதனால இந்தப் பிரச்சனை வராது. ஆனா எனக்கு இந்த வழி பிடிக்காததுக்கு காரணம் ஸ்பீடு இல்ல, அளவுக்கு ஒரு எல்லை இல்லாததுதான். டாக்கர்ல ஓவர்லே2க்கு சைஸ் லிமிட் போடணும்னா கீழ எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருக்கணும், அதுவும் ப்ராஜெக்ட் கோட்டாவோட (டைரக்டரிக்கு அளவு வைக்கற வசதி) மவுன்ட் ஆகியிருக்கணும், பெரும்பாலான மெஷின்ல அது கிடையாது. ஒரு கன்டெய்னர் ஓவர்லே வளந்தா /வார்/லிப்/டாக்கர் இருக்கற மொத்த டிஸ்க்கும் நிரம்பும், பக்கத்துல ஒழுங்கா ஓடிட்டிருந்த கன்டெய்னரும் சேர்ந்து சாகும். குபர்னெட்டிஸ்லயும் இதேதான், நோடோட (பாட் ஓடற மெஷின்) டிஸ்க்ல மீதி 10 சதவீதத்துக்கு கீழ போனா டீஃபால்ட் செட்டிங்ல குப்லெட் (நோடுல பாடுகளை பாத்துக்கற ஏஜென்ட்) பாடுகளை வெளிய தள்ள ஆரம்பிக்கும்.

அடுத்தது டெம்ப்எஃப்எஸ், எல்லாரும் மொதல்ல ஆசைப்படறது இதுக்குத்தான், ரேம்ல இருந்தா பறக்கும்னு. இங்க கொஞ்சம் நிதானமா பாக்கணும். கியூஎமு ஸ்னாப்ஷாட் ஓவர்லேய திறக்கும்போதே கேஷ் மோடை அன்சேஃப்ல வச்சுதான் திறக்குது, அதாவது விஎம் ஃப்ளஷ் கேட்டாலும் கியூஎமு அத டிஸ்க் வரைக்கும் கொண்டு போறதில்ல, எப்படியும் தூக்கிப் போடப் போற ஃபைல்தானே. அப்ப எழுதறது மொதல்ல பேஜ் கேஷ்லதான் (கெர்னல் ஃபைல் டேட்டாவ வச்சிருக்கற இடம்) போய் உக்காருது, அதுவும் ரேம்தான். ஜாப் சின்னதா இருந்து மெமரி இருந்தா சாதா டிஸ்க் வால்யூம்லயே கிட்டத்தட்ட ரேம் ஸ்பீடு கெடைக்குது. வித்தியாசம் மெமரி டைட் ஆகும்போதுதான் தெரியும். பேஜ் கேஷ்ல இருக்கறத கெர்னல் டிஸ்க்குக்கு எழுதிட்டு இடத்தை திரும்ப எடுத்துக்கும், டெம்ப்எஃப்எஸ்ல இருக்கறத ஸ்வாப் இல்லாம எங்கயும் தள்ள முடியாது, குபர்னெட்டிஸ் நோடுல ஸ்வாப் பெரும்பாலும் ஆஃப்ல இருக்கும். அதுவும் போக, டெம்ப்எஃப்எஸ்ல எழுதற ஒவ்வொரு பைட்டும் அந்த கன்டெய்னரோட மெமரி லிமிட்லதான் கணக்கு ஆகும். விஎம்முக்கு 4 ஜிபி குடுத்து பாடுக்கு 6 ஜிபி லிமிட் வச்சிருக்கீங்கன்னா, கியூஎமுவோட சொந்த செலவும் போக ஓவர்லே 2 ஜிபிய தொடறதுக்கு முன்னாடியே ஓஓஎம் கில்லர் வந்துடும், எக்ஸிட் கோடு 137, லாக்ல ஒரு வரி இருக்காது. சைஸ் குடுக்காம மவுன்ட் பண்ணா லினக்ஸ்ல டெம்ப்எஃப்எஸ் மொத்த ரேம்ல பாதி வரைக்கும் வளர அனுமதிக்கும், டாக்கர்ல அது ஹோஸ்டோட ரேம்ல பாதி, உங்க கன்டெய்னரோட லிமிட்ல பாதி இல்ல.

இன்னொண்ணு, டிஸ்க் இமேஜை கேஷ் மோடு நன்னோட (cache=none) திறக்கறவங்க ஓ-டைரக்ட் (பேஜ் கேஷை தவிர்த்து நேரா டிஸ்க்குக்கு போறது) கேப்பாங்க, லினக்ஸ் 6.6க்கு முன்னாடி டெம்ப்எஃப்எஸ்ல அது கிடையாது, ஃபைல் சிஸ்டம் ஓ-டைரக்ட் சப்போர்ட் பண்ணலன்னு கியூஎமு அங்கயே நின்னுடும். வெர்ட்-வி2வி (வேற ஹைப்பர்வைசர்ல இருக்கற விஎம்மை மாத்தி எடுக்கற டூல்) மேனுவல்லயும் அதோட பெரிய டெம்ப் ஃபைலுக்கு டெம்ப்எஃப்எஸ் வைக்காதீங்கன்னே எழுதியிருக்காங்க, அது ஓடறதுக்கு அந்த டைரக்டரில குறைஞ்சது 1 ஜிபி ஃப்ரீயா இருக்கான்னு செக் வேற பண்ணும்.

சரி டெம்ப்எஃப்எஸ் எங்கதான் நல்லது? சாக்கெட்டுக்கும் பிஐடி ஃபைலுக்கும் அருமை. சாக்கெட் விஷயத்துல ஒரு சின்ன எச்சரிக்கை, யூனிக்ஸ் சாக்கெட்டோட பாத் லினக்ஸ்ல 108 பைட்டுக்குள்ள அடங்கணும், சிஐல ஜாப் ஐடி, ப்ராஜெக்ட் பேரு, பிராஞ்ச் பேரு எல்லாம் சேர்த்து நீளமா ஒரு டெம்ப்டிர் கட்டினீங்கன்னா சாக்கெட் உருவாகாது. /ரன்ல ரெண்டு மூணு எழுத்துல ஒரு டைரக்டரி போதும். அப்புறம் விஎம்மோட ரேமை /டெவ்/எஸ்ஹெச்எம்ல வைக்கறவங்க, டாக்கர்ல அதோட டீஃபால்ட் அளவு 64 எம்பிதான், 2 ஜிபி ரேமுக்கு ஃபைல் உருவாகும்போது சும்மா உருவாகிடும் ஏன்னா அது ஸ்பார்ஸ், விஎம் பூட் ஆகி 64 எம்பிய தாண்டி தொடும்போது சிக்பஸ் (SIGBUS, தொட்ட இடத்துக்கு மெமரி கெடைக்கலன்னு வர்ற சிக்னல்) வாங்கி கியூஎமு செத்துடும். அளவை ஏத்துங்க, இல்ல குபர்னெட்டிஸ்ல மெமரி மீடியம் எம்ப்டிடிரை (emptyDir, பாடுக்கான தற்காலிக வால்யூம், இது ரேம்ல இருக்கறது) அங்க மவுன்ட் பண்ணுங்க. அத விட நல்லது மெம்எஃப்டி (memfd, பேரில்லாத ரேம் ஃபைல்) பேக்கெண்டை உபயோகிக்கறது, ஃபைல் பாத்தே வேண்டாம், மவுன்ட் அளவு பத்தின கவலையும் கிடையாது, மெமரி லிமிட் மட்டும் பாத்துக்கிட்டா போதும்.

ஹோஸ்ட் டைரக்டரிய பைண்ட் மவுன்ட் பண்றது மூணாவது வழி. தனி மெஷின்ல, வேகமான என்விஎம்இ ஒண்ணு சும்மா இருக்குன்னா நல்ல வழிதான், ஆனா ஹோஸ்டோட /வார்/டெம்ப்பையே உள்ள குடுக்காதீங்க. சிஸ்டம்டி அங்க டீஃபால்ட்டா 30 நாள் பழசான ஃபைலை துடைச்சிடும், ரொம்ப நாள் ஓடற கன்டெய்னர் ஒரு நாள் திடீர்னு ஃபைல காணோம்னு நிக்கும். எஸ்இலினக்ஸ் லேபிள், யூசர் ஐடி பொருந்தாம பெர்மிஷன் டினைட்னு தனி தலைவலி. லிப்கெஸ்ட்எஃப்எஸ் கேஷை யூசர் ஐடி போட்ட ஒரு மறைவு டைரக்டரிலதான் வைக்கும், எல்லா கன்டெய்னரும் ரூட்டா ஓடினா எல்லாருக்கும் அதே டைரக்டரி. ஒரே இமேஜ்லேர்ந்து வந்த கன்டெய்னர்களுக்கு அது லாபம்னே சொல்லலாம், வேற வேற டிஸ்ட்ரோ இமேஜ் ஷேர் பண்ணா கூடவே கூடாது, அந்த அப்ளையன்ஸ் அந்தந்த இமேஜோட கெர்னல், பேக்கேஜ் வச்சு கட்டினது. குபர்னெட்டிஸ்ல ஹோஸ்ட்பாத்தை (ஹோஸ்ட் டைரக்டரிய பாடுக்குள்ள மவுன்ட் பண்றது) பாட் செக்யூரிட்டி ஸ்டாண்டர்ட்ல பேஸ்லைன் லெவல்லயே தடுத்துடுவாங்க, அதனால அங்க இந்த பேச்சே வேண்டாம்.

நாலாவது, நான் பெரும்பாலானவங்களுக்கு சொல்றது: டாக்கர்ல வால்யூம், குபர்னெட்டிஸ்ல டிஸ்க் மேல இருக்கற எம்ப்டிடிர், ரெண்டையும் /வார்/டெம்ப்லயே மவுன்ட் பண்றது. டூல் எல்லாம் டீஃபால்ட்டா தேடி வர்ற இடமே அதுதான், அதனால வேரியபிள் எதுவும் மறந்தாலும் பெரிய ஃபைல் சரியான இடத்துக்கு போயிடும். ரூட் ஃபைல் சிஸ்டத்தை ரீட்-ஒன்லியா வச்சிருக்கற பாடுலயும் வேலை செய்யும். டாக்கர்ல பேர் வைக்காத வால்யூமா போட்டு ஆர்எம் ஆப்ஷனோட ரன் பண்ணா கன்டெய்னர் முடிஞ்சதும் வால்யூமும் சேர்ந்து போயிடும், பேர் வச்சா போகாது, அது அங்கயே கெடந்து வளரும். எம்ப்டிடிர் பாட் இருக்கற வரைக்கும் இருக்கும், கன்டெய்னர் கிராஷ் ஆகி திரும்ப எழுந்தாலும் உள்ள இருக்கறது அப்படியே இருக்கும், அதனால ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்ல மொத வரியா அந்த டைரக்டரிய காலி பண்ணிடுங்க, கில் வாங்கின லிப்கெஸ்ட்எஃப்எஸ் தன் குப்பைய தானே அள்ளாது.

சைஸ் லிமிட் போடணும், ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும், இந்த ஒரு இடத்துலதான் நல்லா தெரிஞ்சவங்களே தடுமாறுவாங்க. டிஸ்க் எம்ப்டிடிரோட சைஸ் லிமிட் ஒரு சுவரு கிடையாது, குப்லெட் அப்பப்ப போய் டைரக்டரிய அளந்து பாத்து அதிகமா இருந்தா பாடை வெளிய தள்ளும். கியூஎமு என்ன பண்ணுதுன்னா ஸ்னாப்ஷாட் ஓவர்லேய திறந்த உடனே டைரக்டரிலேர்ந்து அழிச்சிடும், ஃபைல் டிஸ்க்ரிப்டர் மட்டும் கைல இருக்கும், ப்ராசஸ் செத்தா இடம் தானா திரும்பட்டும்னு. நல்ல பழக்கம்தான், ஆனா குப்லெட் அளக்கும்போது அந்த ஃபைல் கண்ணுக்கே தெரியாது! எல்எஸ் போட்டா காலி, டியூ போட்டா காலி, டிஎஃப் போட்டா மட்டும் டிஸ்க் நிறைஞ்சுட்டே போகும். 20 ஜிபி லிமிட் போட்ட பாட் 60 ஜிபி எழுதிட்டு ஜாலியா ஓடும். ப்ராஜெக்ட் கோட்டா வச்சு அளக்கற மானிட்டரிங்கை ஆன் பண்ணா இந்த ஃபைலும் கணக்குல வரும், எக்ஸ்எஃப்எஸ் இல்ல இஎக்ஸ்டி4ல. அந்த வசதி இல்லாத கிளஸ்டர்ல ஸ்னாப்ஷாட் ஆப்ஷனையே விட்டுட்டு, ஜாப் ஆரம்பத்துல நீங்களே கியூகவ்2 ஓவர்லே ஒண்ணு உருவாக்கி பேரோட வச்சு ஓட்டுங்க, ஃபைல் கண்ணுக்கு தெரியும், லிமிட் வேலை செய்யும், முடிஞ்சதும் நீங்க அழிக்கணும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. இப்படி பண்றப்ப கேஷ் அன்சேஃப்னு நீங்களே எழுதணும், ஸ்னாப்ஷாட்ல தானா வந்தது இங்க வராது.

அஞ்சாவது, குபர்னெட்டிஸ்ல ஜெனரிக் எஃபிமரல் வால்யூம், 1.23ல ஸ்டேபிள் ஆனது. பாடோட சேர்ந்து ஒரு பிவிசி (PVC, தனி டிஸ்க் கேக்கற விண்ணப்பம்) உருவாகும், பாட் போனா அதுவும் போகும். பிளாக் டிஸ்க் குடுக்கற ஸ்டோரேஜ் கிளாஸ்ல (எந்த வகை ஸ்டோரேஜ்னு சொல்ற செட்டிங்) இதோட பெரிய நன்மை அளவு நெஜமான சுவரு, 100 ஜிபி கேட்டா 100 ஜிபிதான், அழிச்ச ஃபைலோ அழிக்காத ஃபைலோ எல்லாம் அதுக்குள்ள, நோடோட டிஸ்க்கை தொடாது, பக்கத்து பாட் நிம்மதியா இருக்கும். கஷ்டம் என்னன்னா டிஸ்க் உருவாகி நோடுல அட்டாச் ஆகற வரைக்கும் ஜாப் காத்திருக்கணும், ரெண்டு நிமிஷ டெஸ்ட்டுக்கு இது தேவையே இல்ல, கிளவுட்ல ஒரு நோடுக்கு இவ்வளவு டிஸ்க்தான்னு உச்சவரம்பு வேற இருக்கு. என்எஃப்எஸ் கிளாஸ் இதுக்கு வேண்டாம், திறந்துட்டு அழிக்கற ஃபைல என்எஃப்எஸ் வேற பேர்ல ஒளிச்சு வைக்கும், நோடே திடீர்னு செத்தா அந்த மிச்சம் கெடக்கும். கூப்வெர்ட்டோட (குபர்னெட்டிஸ்ல விஎம் ஓட்டற ப்ராஜெக்ட்) சிடிஐ (CDI, அதோட டிஸ்க் இமேஜ் கொண்டு வர்ற டூல்) இமேஜ் இம்போர்ட் பண்றப்ப ஸ்கிராட்ச் ஸ்பேஸுக்கு இதே மாதிரி தனி பிவிசி எடுத்துட்டு வேலை முடிஞ்சதும் விட்டுடும், அதுக்கு எந்த ஸ்டோரேஜ் கிளாஸ்னு கான்ஃபிக்ல தனியாவே சொல்லலாம், வேகமான லோக்கல் கிளாஸ் இருந்தா அத சொல்லிடுங்க. வெர்ட்-ஸ்பார்சிஃபை (டிஸ்க் இமேஜை சுருக்கற டூல்) மாதிரி டூலுக்கும் இந்த வழி சரி, மோசமான நிலைமைல டிஸ்க்கோட விர்ச்சுவல் அளவுல ரெண்டு மடங்கு கேக்கும், ஒண்ணு டெம்ப் காப்பி, ஒண்ணு அவுட்புட். அங்கயே சுருக்கற இன்-பிளேஸ் மோடு போட்டா இந்த இடமே வேண்டாம், மொதல்ல அத ட்ரை பண்ணுங்க.

எந்த வழி எடுத்தாலும், நிரம்பினா என்ன ஆகும்னு யோசிச்சு எடுங்க. டெம்ப்எஃப்எஸ் மெமரி லிமிட்ல முட்டினா ஓஓஎம், டிஸ்க் எம்ப்டிடிர் லிமிட் தாண்டினா எவிக்ஷன், ரெண்டும் கொடூரமா இருந்தாலும் சத்தமா நடக்கும், பாட் ஸ்டேட்டஸ்ல காரணம் இருக்கும். அளவு போட்ட டெம்ப்எஃப்எஸ்ஸோ பிவிசியோ நிரம்பினா கியூஎமுவுக்கு நேரா இடமில்லைன்னு எரர் வரும், அப்ப அதோட டீஃபால்ட் நடத்தை விஎம்மை அப்படியே நிறுத்தி வைக்கறது (pause). சர்வர்ல இது ரொம்ப நல்ல விஷயம், அட்மின் டிஸ்க்கை பெருசாக்கிட்டு கண்டினியூ குடுத்தா டேட்டா போகாம தொடரும். சிஐல யாரும் அங்க உக்காந்து கண்டினியூ குடுக்கப் போறதில்ல, கன்சோல் அப்படியே உறைஞ்சு நிக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு டைம்அவுட்னு ஜாப் செத்ததும் டெவலப்பர் தன் கோடுல டெட்லாக் தேடிட்டு இருப்பாரு, பாவம். அதனால சிஐ ஜாப்ல டிரைவுக்கு ரைட் எரர் (werror) ஆப்ஷனை ரிப்போர்ட்னு மாத்திடுங்க, விஎம்முக்குள்ளயே ஐஓ எரரா வந்து டெஸ்ட் உடனே விழும். இல்லன்னா கியூஎம்பி (QMP, கியூஎமுவ வெளியிலேர்ந்து கட்டுப்படுத்தற) சாக்கெட்ல பிளாக் ஐஓ எரர் ஈவென்ட்டை கேட்டுட்டு இருந்து ஜாப்பை நீங்களே முடிங்க.

லிப்கெஸ்ட்எஃப்எஸ் மட்டும் உபயோகிக்கறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, கேஷ் எங்க வைக்கறதுங்கற கேள்வியே வராம பண்ணலாம். ஒவ்வொரு ஜாப்பும் புது கன்டெய்னர், கேஷ் காலி, அப்ப ஒவ்வொரு தடவையும் அப்ளையன்ஸை மறுபடி கட்டும், அதுக்கு கன்டெய்னருக்குள்ள ஒரு கெர்னல் வேற இருக்கணும், சாதா பேஸ் இமேஜ்ல கெர்னல் இருக்காது. ஃபிக்ஸ்ட் அப்ளையன்ஸ்னு ஒரு தடவை கட்டறதுக்கு அதோடயே டூல் வருது, கெர்னல் இருக்கற ஒரு மெஷின்ல கட்டி இமேஜுக்குள்ள போட்டுட்டு லிப்கெஸ்ட்எஃப்எஸ் பாத் வேரியபிளை அந்த டைரக்டரிக்கு காட்டிடுங்க. அது ரீட்-ஒன்லி லேயர்ல இருந்தாலும் பிரச்சனை இல்ல, அப்புறம் தற்காலிக ஓவர்லே மட்டும்தான் லிப்கெஸ்ட்எஃப்எஸ் டெம்ப்டிர்ல விழும்.

எல்லாம் செட் பண்ணிட்டு ஒரு தடவை சரி பாருங்க. ஜாப் ஓடிட்டு இருக்கும்போது உள்ள போய் கியூஎமு ப்ராசஸோட /ப்ராக் கீழ இருக்கற எஃப்டி லிஸ்டை பாத்தா போதும், விஎல்னு (vl.) ஆரம்பிச்சு ஆறு எழுத்து ஒட்டின ஃபைல் "டெலிட்டட்"னு எந்த பாத்ல இருக்குன்னு காட்டும். அந்த பாத் உங்க வால்யூமோட மவுன்ட்ல இல்லன்னா யாரோ என்ட்ரிபாயிண்ட் ஸ்கிரிப்ட்ல டெம்ப்டிரை மாத்தி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், அங்கேர்ந்து தேட ஆரம்பிங்க.